பட்டியல் போன பிறகும் நிற்கும் வரிசை

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளிகளுக்கென்று அரசாங்கம் ஒரு தரவரிசைப் பட்டியலும் வெளியிட்டதில்லை. எந்தப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் சராசரியாக என்ன வாங்கினார்கள் என்ற கணக்கைக் கல்வி அமைச்சு பள்ளிவாரியாகப் பொதுமக்களுக்குத் தந்ததும் இல்லை. ஆனாலும் நல்ல தொடக்கப்பள்ளி எது என்று கேட்டால் தோ பாயோவில் இருக்கும் பெற்றோர் யோசிக்காமல் ஏழெட்டுப் பெயர்களைச் சொல்லிவிடுவார். ஜூரோங்கில் இருப்பவரைக் கேட்டாலும் ஏறக்குறைய அதே பெயர்கள்தாம் வரும். யாரும் எழுதி வைக்காத இந்தப் பட்டியல் எப்படி எல்லார் வாயிலும் வந்தது என்பதற்கு அரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைப் பின்தொடர்ந்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. பெற்றோரை ஓட வைத்தது பட்டியல் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் ஓட வைத்தது, பள்ளி இடத்தையே ஒரு பரிசாக ஆக்கிவிட்ட ஏற்பாடுகள். உயர்நிலைப் பள்ளிகளின் தரவரிசையும் மீத்திறன் மாணவர் திட்டமும் அந்தப் பரிசு எங்கே இருக்கிறது என்று காட்டும் கைகாட்டிகளாகப் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவருக்கு அந்தக் கைகாட்டிகள் பெரும்பாலும் தவறான வழியைத்தான் காட்டின.

பள்ளி இடத்தைப் பரிசாகத் தரலாம் என்ற யோசனை அரசாங்கத்திடமிருந்தே வந்தது. 1970-களில் சிங்கப்பூரின் பெரிய கவலை மக்கள்தொகை. இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று நாடெங்கும் பிரசாரம் நடந்த காலம் அது. தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் யாருக்கு முன்னுரிமை என்று வகுத்த விதிகளில், சிறு குடும்பத்தோடு நிறுத்திக்கொண்டு கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குள் காற்று திசை மாறியது. படித்த பெண்கள் போதுமான பிள்ளைகள் பெறவில்லை என்று 1983 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ குவான் இயூ கவலைப்பட்டார். 1984-இல், மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளை பெற்ற பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை அறிவிக்கப்பட்டது. மக்களுக்கு இது பிடிக்கவில்லை. பட்டதாரிப் பெண்களிலேயே பலர் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு ஏறக்குறைய 13 விழுக்காட்டுப் புள்ளிகள் சரிந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. 1985-இல் முன்னுரிமை கைவிடப்பட்டது.

திட்டம் போய்விட்டாலும், அது ஒப்புக்கொண்ட ஓர் உண்மை நின்றுவிட்டது. எல்லாப் பள்ளிகளும் ஒன்றே என்றால், ஒரு பள்ளியில் இடம் தருகிறோம் என்று சொல்லி யாரையும் எதற்கும் இணங்க வைக்க முடியாது. கருத்தடைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் ஈடாகத் தரக்கூடிய அளவுக்குச் சில பள்ளிகளின் இடம் விலை பெற்றது என்பதை அரசாங்கமே தன் விதிகளில் எழுதி வைத்தது. தரவரிசை பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது இது. இன்றைக்குச் சிங்கப்பூர்ப் பெற்றோரின் பதற்றத்தைக் குறை சொல்லும் கட்டுரைகள் இந்த வரலாற்றைச் சொல்வதே இல்லை. அது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இதே காலத்தில்தான் பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் முறையும் வந்தது. துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு 1979-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. குழுவில் பெரும்பாலோர் பொறியாளர்கள். வீட்டில் ஹொக்கியனோ கான்டனீஸோ பேசிவிட்டுப் பள்ளியில் ஆங்கிலமும் மாண்டரினும் படிக்க வேண்டிய பிள்ளைகள் இரண்டும் வராமல் படிப்பையே விட்டுப் போகிறார்கள் என்பது அவர்கள் கண்ட பிரச்சினை. பிரச்சினை உண்மையானது. அவர்கள் கண்ட தீர்வு, தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைப் பிரித்து, வேகத்துக்கு ஏற்ற ஓடைகளில் விடுவது. படிப்பை விட்டுப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை பின்னாளில் வெகுவாகக் குறைந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதற்குக் கொடுத்த விலை, ஒன்பது வயதிலேயே ஒரு பிள்ளையின் மேல் பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டதுதான். 1990-களில் பிரிவினை தொடக்கநிலை நான்கின் முடிவுக்குத் தள்ளிப்போய் இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பெயர் மாறியது. 2008-இல்தான் தொடக்கப்பள்ளியை விட்டு அது முழுவதும் நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறைப் பெற்றோர், இந்த நாட்டில் ஒன்பது பத்து வயதில் ஏதோ ஒன்று தீர்மானமாகிவிடுகிறது என்ற பாடத்தை நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள்.

மீத்திறன் மாணவர் திட்டம், அதாவது எல்லாரும் ஜிஇபி என்று சொல்வது, 1984-இல் தொடங்கியது. கல்வித் துணையமைச்சராக இருந்த டே எங் சூன் முன்னின்று கொண்டுவந்த திட்டம் இது. ராஃபிள்ஸ் பெண்கள் தொடக்கப்பள்ளி, ரோசைத் பள்ளி என்ற இரண்டு தொடக்கப்பள்ளிகளிலும் இரண்டு உயர்நிலைப் பள்ளிகளிலும் முதல் வகுப்புகள் நடந்தன. பின்னர் தொடக்கப்பள்ளிகள் ஒன்பதாக வளர்ந்தன; வயதுக்குழுவில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டினருக்கு, அதாவது ஆண்டுக்குச் சுமார் 400 பிள்ளைகளுக்கு, இடம் கிடைத்தது. தேர்வு நடந்த முறையைக் கவனிக்க வேண்டும். நாட்டின் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆகஸ்டில் ஆங்கிலமும் கணிதமும் எழுதுவார்கள். அதில் முன்னே வந்தவர்கள் அக்டோபரில் பொது ஆற்றல் தேர்வோடு சேர்த்து இன்னொரு முறை எழுதுவார்கள். தேர்வானவர்கள் மறு ஆண்டு அந்த ஒன்பது பள்ளிகளில் ஒன்றுக்குப் போய் நான்காம் வகுப்பில் சேர்வார்கள். சின்ன வகுப்புகள், ஆழமான பாடத்திட்டம், தனியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். கட்டணம் கிடையாது, பெற்றோர் விண்ணப்பித்துத் துரத்த வேண்டிய தேவையும் கிடையாது.

இங்கேதான் முத்திரை தடம் மாறியது. ரோசைத் பள்ளியில் ஜிஇபி இருக்கிறது என்பதால் ஆறு வயதில் பிள்ளையை அங்கே சேர்க்கத் துடித்த பெற்றோருக்கு உண்மையில் கிடைத்தது என்ன? அவர்கள் பிள்ளை முதல் மூன்று ஆண்டுகள் சாதாரண வகுப்பில், சாதாரணப் பாடத்திட்டத்தில் படிக்கும். மூன்றாம் வகுப்பில் அது எழுதும் தேர்வு, உட்லண்ட்ஸில் எந்தப் பெயரும் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதும் அதே தேர்வு. தேறினால் இருவரும் நான்காம் வகுப்பில் ஒரே அறையில் உட்காரலாம். தேறாவிட்டால் ரோசைத் பிள்ளை பக்கத்து அறையில் சாதாரண வகுப்பைத் தொடரும். ஆக, ஜிஇபி உள்ள பள்ளியை முதல் வகுப்பில் பிடிப்பதால் ஜிஇபிக்குள் நுழைய ஓர் அங்குலம்கூட முன்னேற்றம் இல்லை. இதைவிடப் பெரிய தோற்ற மயக்கம் மறுபக்கம் இருந்தது. உட்லண்ட்ஸ் பள்ளி மூன்று ஆண்டுகள் கற்றுக்கொடுத்து உருவாக்கிய பிள்ளை, பன்னிரண்டு வயதில் இறுதித் தேர்வை எழுதும்போது ஜிஇபி பள்ளியின் கணக்கில் எழுதுகிறது. சிறந்த மதிப்பெண்ணும் செய்தித்தாளில் வரும் படமும் அந்தப் பள்ளிக்குப் போகிறது. அந்தப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்த பள்ளியின் பெயர் எங்கும் வராது. நாடு முழுவதிலிருந்தும் வடிகட்டி எடுத்த ஒரு விழுக்காட்டை ஒன்பது கட்டடங்களில் வைத்துவிட்டு, அந்தக் கட்டடங்களின் தேர்வு முடிவு உயர்வாக இருப்பதைப் பார்த்துப் பெற்றோர் அங்கே வரிசையில் நின்றார்கள். முடிவுகள் பொய்யில்லை. அவை சொன்னது அங்கே வந்து சேர்ந்தவர்களைப் பற்றி. அங்கே நடந்த கற்பித்தலைப் பற்றி என்று பெற்றோர் எடுத்துக்கொண்டார்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த ஒன்பது இன்னும் சுருங்கியது. கேத்தலிக் ஹை, நன் ஹுவா, நன்யாங், தாவ் நன் ஆகிய நான்கும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகள். தாய்மொழிப் பாடமாகச் சீனம் மட்டுமே அங்கே உண்டு. தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைக்கு மிஞ்சுவது ஐந்து. அவற்றில் ஆங்கிலோ-சீனப் பள்ளி பையன்களுக்கு, ராஃபிள்ஸ் பெண்கள் பள்ளி பெண்பிள்ளைகளுக்கு. ஆக ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் திறந்திருந்த கதவுகள் நான்கு. ஜிஇபி முத்திரையைப் பொதுவான தரக்குறியாக எடுத்துக்கொண்டு பள்ளிகளை ஒப்பிடுவதில் இருக்கும் கோளாறு இங்கே கண்கூடாகத் தெரியும்: பட்டியலின் கிட்டத்தட்டப் பாதி, ஒரு சமூகத்துக்குப் பள்ளி என்ற அளவில்கூடப் பொருந்தாது.

தரவரிசை வந்தது 1992-இல். 1980-களின் பின்பகுதியில் சில பழைய பள்ளிகளுக்குச் சுயாட்சி தரப்பட்டது. பள்ளிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டால் தரம் உயரும், பெற்றோருக்கும் தெரிந்து தேர்ந்தெடுக்க வழி கிடைக்கும் என்ற நம்பிக்கையின் அடுத்த படியாக, உயர்நிலைப் பள்ளிகளின் சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வரிசைப்படுத்தப்பட்டு நாளிதழ்களில் வெளியாயின. பின்னர், வந்தபோது இருந்த நிலையிலிருந்து மாணவர் எவ்வளவு முன்னேறினார் என்ற கணக்கும் சேர்ந்தது. அது நேர்மையான முயற்சி. ஆனால் முதல் வரிசையைத்தான் எல்லாரும் வாசித்தார்கள். பள்ளிகள் என்ன செய்தன என்பதற்கு ஆங்கில இலக்கியப் பாடத்தின் கதை ஒன்று போதும். மதிப்பெண் வாங்கக் கடினமான பாடம் என்று பெயர் எடுத்த அதை 1992-இல் சாதாரண நிலைத் தேர்வில் சுமார் 17,000 பேர் எழுதினார்கள். 2012-இல் முழுப் பாடமாக எழுதியவர்கள் சுமார் 3,000 பேர். எல்லாப் பழியையும் தரவரிசை மேல் போட முடியாது; இடையில் இணை மானுடவியல் பாடம் வந்து இலக்கியத்தின் ஒரு பகுதியை விழுங்கியது. ஆனால் சராசரியைக் காப்பாற்ற இலக்கியத்தைக் கைகழுவிய பள்ளிகள் இருந்தன என்பது அந்த நாள்களிலேயே வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயம்.

உடல் எடையும் தரவரிசைக் கணக்கில் ஏறியது. உடலுறுதித் தேர்வின் முடிவும் பருமனான மாணவர்களின் விழுக்காடும் சேர்ந்து ஒரு குறியீடாகி, அதன்படியும் பள்ளிகள் வரிசைப்படுத்தப்பட்டன. அதே 1992-இல் தொடங்கிய எடைக்குறைப்புத் திட்டத்தின் கீழ், பருமனான பிள்ளைகள் தனியாகப் பிரிக்கப்பட்டு, மற்றவர்கள் இடைவேளையில் சாப்பிடும்போது திடலைச் சுற்றி ஓட வைக்கப்பட்டார்கள். திட்டம் 2007-இல் நின்றது. பட்டியலில் ஒரு படி மேலே ஏற, வகுப்புத் தோழர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கான்டீன் வாசலைத் தாண்டி ஓடிய பதின்ம வயதுப் பிள்ளையை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அளக்கிறோம் என்று தொடங்கிய எண், தனக்குச் சேவை செய்யும்படி பள்ளியைத் திருப்பிக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

இந்தப் பட்டியல் உயர்நிலைப் பள்ளிகளுக்கானது. தொடக்கப்பள்ளிக்கு அது எப்படி இறங்கியது என்ற கேள்வி எழும். வழி எளிது. நல்ல உயர்நிலைப் பள்ளிக்கு இறுதித் தேர்வு மதிப்பெண் வேண்டும். அந்த மதிப்பெண் நீண்ட காலம் டி-ஸ்கோராக இருந்தது. அதாவது பிள்ளை எவ்வளவு எழுதியது என்பதோடு மற்றப் பிள்ளைகள் எவ்வளவு எழுதினார்கள் என்பதும் சேர்ந்து கிடைக்கும் எண். அது மட்டுமா, சில உயர்நிலைப் பள்ளிகளோடு இணைப்புள்ள தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள் குறைந்த மதிப்பெண்ணிலும் உள்ளே போகலாம். இது கற்பனையான ஆதாயமில்லை. ஆறு வயதில் சரியான வாசலில் நுழைந்தவருக்குப் பன்னிரண்டு வயதில் கையில் கிடைக்கும் ஆதாயம். ஒவ்வொரு நவம்பரிலும் நாட்டின் முதல் மாணவர் பெயரும் பள்ளியும் செய்தித்தாளில் வரும். 2011 வரை இந்த வழக்கம் இருந்தது. இவற்றையெல்லாம் கூட்டிப் பெற்றோர் தாங்களே தொடக்கப்பள்ளிப் பட்டியலைத் தயாரித்துக்கொண்டார்கள்.

அதைவிட நம்பகமான ஓர் எண்ணை அமைச்சே ஆண்டுதோறும் தந்தது. தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவு பல கட்டங்களாக நடக்கும். அண்ணன் அக்கா படிக்கும் பிள்ளைகள் முதலில். பிறகு பழைய மாணவர்களின் பிள்ளைகள். பிறகு பள்ளியில் தொண்டூழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகளும், பள்ளியோடு தொடர்புள்ள தேவாலயம், குலச்சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர்களின் பிள்ளைகளும். எந்த உறவும் இல்லாதவர்கள் 2சி கட்டத்தில். இடத்தைவிட ஆள் அதிகமானால் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்ப்பார்கள்: ஒரு கிலோமீட்டருக்குள், இரண்டுக்குள், அதற்கு அப்பால். அப்போதும் மிஞ்சினால் குலுக்கல். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை இடம், எத்தனை விண்ணப்பம் என்று பள்ளிவாரியாக வெளியாகும். குலுக்கலுக்குப் போன பள்ளி நல்ல பள்ளி. இடம் மிஞ்சிய பள்ளியில் ஏதோ குறை. சென்ற ஆண்டின் கூட்டமே இந்த ஆண்டின் தரவரிசையாகி, அதைப் பார்த்து வருகிறவர்கள் அடுத்த ஆண்டின் கூட்டத்தை உண்டாக்குகிறார்கள். தொண்டூழியத்துக்குக் குறைந்தது 40 மணி நேரம். பதிவுக்கு ஓராண்டுக்கு முன்பே பெயர் கொடுத்திருக்க வேண்டும். தூரத்துக்காகவே வீடு மாறி, சேர்க்கை முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள் இருந்ததால், அந்த முகவரியில் குறைந்தது 30 மாதம் குடியிருக்க வேண்டும் என்று 2015 பதிவிலிருந்து விதி வந்தது. கடைநிலை வேலையில் இரவு பகலாக மாறி மாறிப் போகும் தகப்பனுக்கு இந்த 40 மணி நேரமும் கிடையாது, வீடு மாற்றும் வசதியும் கிடையாது. பட்டியல் திறமையை அளக்கிறது என்று சொன்னாலும், அந்தப் பட்டியலின் உச்சிக்குப் போகும் படிக்கட்டு பெற்றோரின் நேரத்தாலும் பணத்தாலும் கட்டப்பட்டது.

அரசாங்கம் பின்வாங்கத் தொடங்கியது 2004-இல். உயர்நிலைப் பள்ளிகளின் வரிசை எண்கள் போய், ஏறக்குறைய ஒத்த முடிவுள்ள பள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் பட்டைகள் வந்தன. 2012-இல் கல்வி அமைச்சர் ஹெங் சுவீ கியட் பட்டைகளையும் எடுத்தார். எல்லாப் பள்ளியும் நல்ல பள்ளியே என்பது அவர் காலத்து முழக்கம். அடுத்த ஆண்டே ஓர் உயர்நிலைப் பள்ளியின் துணை முதல்வர் பொது மேடையில் கேட்ட கேள்வி நாடு முழுவதும் பேசப்பட்டது: அப்படிச் சொல்லும் தலைவர்களிலும் உயர் அதிகாரிகளிலும் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளை வீட்டுக்குப் பக்கத்துச் சாதாரணப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். 2019-இல் மாணவர் அறிக்கையிலிருந்து வகுப்பு நிலை நீங்கியது. 2021-இல் டி-ஸ்கோர் போய் நான்கு முதல் 32 வரையிலான அடைவுநிலைப் புள்ளிகள் வந்தன. 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் லாரன்ஸ் வோங், ஜிஇபி இப்போதைய வடிவில் முடிவுக்கு வருகிறது என்று அறிவித்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கட்டியதில் பெரும்பகுதி இருபது ஆண்டுகளில் பிரிக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில், துணைப்பாட வகுப்புகளுக்குச் சிங்கப்பூர்க் குடும்பங்கள் செலவழித்த தொகையை அரசாங்கத்தின் குடும்பச் செலவு ஆய்வில் பாருங்கள்: 2012/13-இல் ஆண்டுக்கு 1.1 பில்லியன் வெள்ளி, 2017/18-இல் 1.4 பில்லியன், 2023-இல் 1.8 பில்லியன். விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும், பட்டியல் போனதால் பதற்றம் தணிந்தது என்று இந்த எண்களை வைத்து யாரும் சொல்ல முடியாது.

பட்டியலே இல்லாமல் பெற்றோர் ஒரு திசையில் ஒன்றாகத் திரும்புவார்கள் என்பதற்குச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி, தமிழ்வழி உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளியாக வளர்ந்தது. 1982-இல் அது மூடப்பட்டது. யாரும் அதைத் தரவரிசையில் கடைசியில் போடவில்லை. அங்கே கற்பித்தவர்கள் மோசமானவர்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை. வேலையும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தின் பக்கம் போனதால், பெற்றோர் ஒவ்வொருவராகப் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள், வகுப்பறைகள் காலியாயின. ஒவ்வொரு குடும்பத்தின் முடிவும் தனித்தனியே நியாயமானது. கூட்டிப் பார்த்தால் ஒரு மொழியின் பள்ளி அமைப்பே போய்விட்டது. பரிசு எங்கே இருக்கிறதோ அங்கே பெற்றோர் போவார்கள். அதைச் சொல்ல அவர்களுக்குச் செய்தித்தாள் தேவைப்படவில்லை.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வரி கட்டும் பெற்றோருக்குப் பள்ளியின் நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை இல்லையா, பட்டியலை மறைத்தால் மோசமான பள்ளிகள் நிம்மதியாகத் தூங்காதா என்று கேட்பார்கள். இதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரிட்டனில் வேல்ஸ் 2001-இல் பள்ளித் தரவரிசையை வெளியிடுவதை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் சைமன் பர்ஜஸும் சக ஆய்வாளர்களும் இரண்டையும் ஒப்பிட்டபோது, நிறுத்திய பிறகு வேல்ஸ் பள்ளிகளின் சராசரிச் செயல்பாடு சரிந்திருந்தது. மேல்தட்டில் இருந்த கால்பகுதிப் பள்ளிகள் மட்டும் பாதிக்கப்படவில்லை. இந்த ஆய்வைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பலவீனமான பள்ளியின் மேல் யாராவது கண் வைத்திருக்க வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். சிங்கப்பூரில் அந்தக் கண் அமைச்சிடம் இருக்கிறது: ஆசிரியர்கள் அமைச்சின் ஊழியர்கள், முதல்வர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளி மாற்றப்படுகிறார்கள், எல்லா முடிவுகளும் அமைச்சின் கையில் இருக்கின்றன. கண்காணிக்க உதவும் எண் வேறு, பிள்ளைக்குப் பள்ளி தேட உதவும் எண் வேறு. ஜார்ஜ் லெக்கி, ஹார்வி கோல்ட்ஸ்டைன் என்ற புள்ளியியலாளர்கள் 2009-இல் இங்கிலாந்தின் பட்டியலை வைத்துக் காட்டியது இதைத்தான்: இன்று பெற்றோர் பார்ப்பது நேற்றுத் தேர்வு எழுதியவர்களின் முடிவு, அவர் பிள்ளை எழுதப்போவது பல ஆண்டுகள் கழித்து. அந்த இடைவெளியைக் கணக்கில் எடுத்தால், பெரும்பாலான பள்ளிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லவே முடியாது. சிங்கப்பூரில் ஆறு வயதில் சேர்ந்து பன்னிரண்டில் எழுதும் பிள்ளைக்கு இடைவெளி ஆறு ஆண்டு. அதற்குள் முதல்வரே மாறியிருப்பார்.

சரி, கற்பித்தல் ஒன்றாகவே இருக்கட்டும், கூடப் படிக்கும் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறவர்களாக இருந்தால் என் பிள்ளையும் ஏறுமே என்பது அடுத்த மறுப்பு. ஊரறிந்த நம்பிக்கை இது. முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் நினைக்கும் அளவுக்கு அது வேலை செய்வதில்லை. பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் நுழைவுத் தேர்வுப் பள்ளிகளை அப்துல்காதிரோலு, ஆங்ரிஸ்ட், பதக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்து 2014-இல் வெளியிட்டார்கள். வரம்பு மதிப்பெண்ணை மயிரிழையில் தாண்டி உள்ளே போனவர்களையும் மயிரிழையில் தவறி வெளியே நின்றவர்களையும் ஒப்பிட்டபோது, பின்னாளைய தேர்வு முடிவுகளில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அவர்கள் பார்த்தது உயர்நிலைப் பள்ளி மாணவர்களை. ஆறு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்குப் பேர்பெற்ற பள்ளி கிடைத்தும் எழுத்துத் தேர்வில் அது முந்தவில்லை என்றால், அந்தப் பள்ளியின் உயர்ந்த சராசரிக்குக் காரணம் வாசலில் நடந்த வடிகட்டல் என்றுதான் கொள்ள வேண்டும். நட்பும் தொடர்பும் பிற்காலத்தில் கைகொடுக்கும் என்பார்கள். அது உண்மையாக இருக்கலாம். அப்போது பெற்றோர் தேடுவது படிப்பை அல்ல, பிற்காலச் செல்வாக்கை. அரசுப் பள்ளி அதை ஒரு சிலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் இடமாக இருக்கலாமா என்பது வேறு கேள்வி. கூடாது என்பதே என் பதில்.

மூன்றாவது மறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வேகமாகக் கற்கும் பிள்ளைக்கும் தேவை உண்டு. எட்டு வயதில் பின்னங்களை முடித்துவிட்டு வகுப்பில் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைச் சமத்துவத்தின் பேரால் அப்படியே விட்டுவிடுவது நியாயமில்லை. ஜிஇபி அந்தத் தேவைக்காகவே வந்தது. பல பிள்ளைகளுக்கு அது நன்மை செய்தது. எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தது அதன் சிறந்த குணம். ஃபுளோரிடாவின் பெரிய பள்ளி மாவட்டம் ஒன்றில் பெற்றோர், ஆசிரியர் பரிந்துரைக்குக் காத்திராமல் எல்லாப் பிள்ளைகளையும் சோதித்தபோது, ஏழைப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும் முன்னைவிட அதிகமாகக் கண்டெடுக்கப்பட்டதை ஆய்வாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் 2016-இல் காட்டினார்கள். சிங்கப்பூர் அதை 1984 முதலே செய்தது. அந்தத் தேர்வுக்கே பயிற்சி தரும் துணைப்பாட நிலையங்கள் முளைத்ததும், கண்டெடுத்த பிள்ளைகளை ஒன்பது கட்டடங்களுக்குக் கொண்டுபோய் வைத்ததும்தான் அதைக் கெடுத்தன. தேவை பிள்ளையினுடையது, முத்திரை பள்ளியின் மேல் விழுந்தது. புதிய ஏற்பாட்டில் ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் தன் பிள்ளைகளுக்குத் தானே கூடுதல் பாடம் நடத்த வேண்டும். இன்னும் வேண்டுகிறவர்கள் பள்ளி முடிந்த பிறகு அருகிலுள்ள மையப் பள்ளியில் சில பாடங்களுக்குப் போய்வரலாம், பள்ளி மாற வேண்டியதில்லை. 2024-இல் முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் 2027-இல் நான்காம் வகுப்புக்கு வரும்போது இது நடைமுறைக்கு வரும். கூடுதல் பாடம் பெறும் பிள்ளைகள் ஏழு விழுக்காட்டிலிருந்து பத்து விழுக்காடாகக் கூடுவார்கள் என்று அமைச்சு சொல்லியிருக்கிறது. பிள்ளையை இடம்பெயர்க்காமல் பாடத்தை நகர்த்துவது சரியான திசை என்று நான் கருதுகிறேன்.

ஆனால் பரிசின் மற்ற வாசல்கள் இன்னும் திறந்தே இருக்கின்றன. இணைப்புப் பள்ளிகளின் முன்னுரிமை குறைக்கப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. 2019-இலிருந்து அந்த உயர்நிலைப் பள்ளிகள் 20 விழுக்காட்டு இடங்களை வெளியாருக்கு ஒதுக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தொடர்கிறது. எந்தத் தொடர்பும் இல்லாதவர்களுக்கான 2சி கட்டத்தில் ஒதுக்கிய இடங்கள் 2022 பதிவில் 20-லிருந்து 40 ஆயின. பேர்பெற்ற பள்ளிகளில் அதுவும் குலுக்கலுக்கே போகிறது. கூடுதல் பாடங்கள் நடக்கவிருக்கும் மையப் பள்ளிகள் சுமார் பதினைந்து என்று சொல்லப்பட்டது. அங்கே ஆறு வயதில் சேர்வதால் அந்தப் பாடங்களுக்குள் நுழைய எந்தச் சலுகையும் கிடையாது. அந்தப் பதினைந்து பள்ளிகளின் 2சி விண்ணப்ப எண்ணிக்கை வரும் ஆண்டுகளில் எப்படிப் போகிறது என்று பதிவுக் காலத்து அட்டவணையை எடுத்துப் பார்த்தால், ஜிஇபி போய்விட்டதா, வேறு பெயரில் வந்துவிட்டதா என்று தெரிந்துவிடும்.